எந்தச் செஸ் எஞ்சின் பலமானது: சோதனை முடிவு தடுமாறும்போது எங்கே பார்ப்பது

இரண்டு செஸ் எஞ்சின்களை (செஸ் ஆடும் கணினி நிரல்களை) மோதவிட்டு எது பலமானது என்று பார்ப்பது சுலபமான வேலையாகத்தான் தெரியும். கட்செஸ், ஃபாஸ்ட்செஸ் மாதிரி போட்டி நடத்தும் மென்பொருள் ஒன்றில் இரண்டையும் சேர்த்து, நேரத்தைக் குறித்து, இரவு படுக்கும் முன் ஓடவிட்டால் காலையில் முடிவு தயாராக இருக்கும். அந்த முடிவை நம்பலாமா என்பதில்தான் சிக்கல். சொந்தமாக ஒரு சின்ன எஞ்சின் எழுதி, அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இப்படித்தான் சோதித்து வருகிறேன். எனக்குக் கிடைத்த தப்பான முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் காரணமில்லை. சோதனையை நான் அமைத்த விதம்தான் காரணம்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துச் சொல்கிறேன். எந்த அறிகுறியோடு வந்திருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்: வெறும் தராசைத் தூக்கிப் பாருங்கள்

பழைய மளிகைக் கடைகளில் பொருளை நிறுக்கும் முன் வெறும் தராசைத் தூக்கிக் காட்டுவார்கள். தட்டு இரண்டும் சமமாக நின்றால்தான் மேலே பேச்சு. இங்கேயும் அதே கதைதான். ஒரே எஞ்சினை, ஒரே கோப்பை, இரண்டு பெயரில் சேர்த்து தனக்குத்தானே 1000 ஆட்டம் ஆடவிடுங்கள். ஆட்டங்களில் பாதி டிராவாக முடிகிறது என்று வைத்துக்கொண்டால், மதிப்பெண் 47.8 முதல் 52.2 சதவீதத்துக்குள் விழ வேண்டும். இருபது முறையில் ஒரு முறை தற்செயலாக வெளியே போகும். மறுபடி ஓட்டியும் அதே பக்கம் சாய்ந்தால் உங்கள் அமைப்பு ஒருவருக்குச் சாதகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஹாஷ் (அலசிய நிலைகளை எஞ்சின் நினைவில் வைக்கும் இடம்) அளவு ஒரு பெயருக்கு மட்டும் மாறியிருக்கலாம், நிறம் சரியாக மாறாமல் இருக்கலாம், ஒன்றுக்கு மட்டும் டேபிள்பேஸ் (கடைசிக் கட்ட நிலைகளுக்கு முன்பே கணக்கிட்ட விடைத் தொகுப்பு) கொடுத்திருக்கலாம்.

தட்டு சமமாக நின்றதா? சரி, இப்போது ஒரு படிக்கல்லை வையுங்கள். அதே எஞ்சின், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம். அந்தப் பக்கம் தெளிவாக ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கவில்லையென்றால் உங்கள் சோதனையில் முள் நகரவில்லை; ஒன்று எல்லாம் டிராவாகிக்கொண்டிருக்கிறது, இல்லை கொடுத்த நேரம் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டையும் செய்யாமல் வேறு எஞ்சின்களை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அறிகுறி: நேற்று இது ஜெயித்தது, இன்று அது ஜெயிக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. ஆட்டங்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஆட்டம். புதிய பதிப்புக்கு 28 வெற்றி, 22 தோல்வி, 50 டிரா. மதிப்பெண் 53. பார்த்ததும் முன்னேற்றம் என்று தோன்றும். ஆட்டக்காரர்களின் பலத்தைப் புள்ளிகளில் சொல்லும் ஈலோ கணக்கில் 53 சதவீதம் என்பது ஏறக்குறைய 21 புள்ளி. இதன் பிழை வரம்பைக் கணக்கிட்டால் 48 புள்ளி வருகிறது. அதாவது உண்மையான வித்தியாசம் −27 முதல் +69 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புதிய பதிப்புதான் பலமானது என்பதற்கான வாய்ப்பு 80 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதே மாதிரி ஐந்து மாற்றங்களை ஏற்றுக்கொண்டால் அதில் ஒன்று எஞ்சினைப் பலவீனமாக்கிய மாற்றமாக இருக்கும். வருடம் முழுக்க இப்படியே போனால் எஞ்சின் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிழை வரம்பு பாதியாகக் குறைய வேண்டுமானால் ஆட்டங்கள் நான்கு மடங்காக வேண்டும். பாதி ஆட்டம் டிராவாகும் நிலையில், 95 சதவீத நம்பிக்கையோடு சொன்னால், 100 ஆட்டத்துக்கு 48 புள்ளி, 1000 ஆட்டத்துக்கு 15, பத்தாயிரத்துக்கு 5, நாற்பதாயிரத்துக்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. உங்கள் மாற்றம் 3 புள்ளிதான் தரும் என்றால் (வளர்ந்த எஞ்சினில் ஒரு நல்ல யோசனை தருவதே அவ்வளவுதான்) ஆயிரம் ஆட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

இவ்வளவு ஆட்டத்துக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு 10 விநாடி, நகர்வுக்கு 0.1 விநாடி கூடுதல் என்று வைத்தால் ஓர் ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் 4000 ஆட்டத்துக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரு ராத்திரி. முன்னணி எஞ்சினான ஸ்டாக்ஃபிஷின் குழு 2013இல் கேரி லின்ஸ்காட் அமைத்த ஃபிஷ்டெஸ்ட் மூலம் செய்வதும் இதைத்தான். தன்னார்வலர்களின் கணினிகளில் ஆட்டங்களைப் பகிர்ந்து ஓட்டுகிறார்கள். அங்கே முதல் கட்டச் சோதனைக்கான நேரம் இதே 10 விநாடியும் 0.1 விநாடியும்தான்.

இன்னொரு தப்பு: மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது, நமக்குப் பிடித்தது முன்னால் போனதும் நிறுத்திவிடுவது. எந்தச் சமமான போட்டியிலும் நடுவில் எங்கேயாவது ஒரு பக்கம் நன்றாக முன்னால் நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். நடுவில் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே புள்ளியியலாளர் வால்டின் தொடர் சோதனை முறை இருக்கிறது, எஸ்பிஆர்டி என்பார்கள். முதலிலேயே இரண்டு எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும்: வித்தியாசம் 0 புள்ளி என்பது ஒரு கருதுகோள், 5 புள்ளி என்பது இன்னொன்று. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஓர் எண் ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் தப்புக்கு 5 சதவீதம் இடம் கொடுத்தால் அந்த எண் +2.94 தொட்டதும் ஏற்கலாம், −2.94 தொட்டதும் நிராகரிக்கலாம். நடுவில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. கட்செஸ், ஃபாஸ்ட்செஸ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது.

அறிகுறி: ஜெயிக்க வேண்டிய நிலையில் ஒரு எஞ்சின் திடீரென்று தோற்கிறது

ஆட்டத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். வெள்ளைக்கு ஒரு யானை அதிகம். எஞ்சினின் மதிப்பீடும் +6க்கு மேல், அதாவது வெள்ளை நன்றாக முன்னால். முடிவில் கறுப்பு ஜெயித்ததாக இருக்கிறது. காய் நகர்வுகளில் தேடாதீர்கள், கடைசி வரியைப் பாருங்கள். நேரம் முடிந்து தோற்றதாகக் குறித்திருக்கும்.

என் எஞ்சினில் இது நடந்தபோது ஆட்டக் கோப்பில் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் எழுதியிருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 58ஆவது நகர்வில் கையில் இருந்தது 0.31 விநாடி. யோசிக்க எடுத்தது 0.38. எழுபது மில்லி விநாடியில் ஆட்டம் போயிருந்தது. எஞ்சின் தன் கணக்குப்படி நேரத்துக்குள்தான் முடித்திருக்கிறது. பதில் எஞ்சினிலிருந்து கிளம்பிப் போட்டி நடத்தும் மென்பொருளுக்குப் போய்ச் சேர ஆன நேரத்தை அது எண்ணவில்லை.

இதற்காகத்தான் பல எஞ்சின்களில் மூவ் ஓவர்ஹெட் என்ற அமைப்பு இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷில் அது வழக்கமாக 10 மில்லி விநாடி. கணினி நிறைய வேலையில் இருந்தால் அது போதாது. 50, 100 என்று உயர்த்திப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். ஆன்டிவைரஸ் நடுவில் வட்டைத் துழாவுவதும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் டேபிள்பேஸ் வைத்திருப்பதும் இதே தொந்தரவைத் தரும்.

நேரத் தோல்விகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் முடிவைச் சொல்லாதீர்கள். ஆயிரத்தில் இரண்டு மூன்று என்றால் பரவாயில்லை. நூற்றுக்கு ஐந்து என்றால் நீங்கள் அளந்தது செஸ் பலத்தை அல்ல.

அறிகுறி: ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வருகிறது

ஆரம்ப நிலையிலிருந்து, ஓப்பனிங் புக் (தொடக்க நகர்வுகளின் தொகுப்பு) இல்லாமல், ஒற்றை த்ரெட்டில், நகர்வுக்கு இத்தனை நோடு (அலசும் நிலைகள்) என்று எல்லை வைத்து ஆடவிட்டால் எஞ்சின் ஒவ்வொரு முறையும் ஒரே நகர்வைத்தான் ஆடும். 500 ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் இருப்பது இரண்டு ஆட்டம், ஒவ்வொன்றும் 250 பிரதி. நேரக் கட்டுப்பாட்டில் ஆடினால் சின்னச் சின்ன மாறுதல்கள் வரும், இருந்தாலும் முதல் பத்து நகர்வுகள் ஒரே தடத்தில்தான் ஓடும்.

நல்ல ஓப்பனிங் தொகுப்பு ஒன்றைக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான நிலைகள் அதில் இருக்க வேண்டும், அவற்றைக் கலைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். முக்கியமானது, ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆட வைப்பது. ஒரு ஓப்பனிங்கில் வெள்ளைக்கு அனுகூலம் இருந்தால் அது இரண்டு பேருக்கும் ஒரு முறை கிடைத்துவிடும். இந்த அமைப்பை மறந்துவிட்டு, ஒரு எஞ்சினுக்குத் தொடர்ந்து நல்ல நிலைகள் விழுந்து, அது பலமானது என்று அறிவித்த சோதனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: எல்லாம் டிரா

இன்றைய முன்னணி எஞ்சின்களைச் சமமான ஓப்பனிங்கில், நீண்ட நேரம் கொடுத்து மோதவிட்டால் டிராதான் வரும். இரண்டும் அவ்வளவு நன்றாக ஆடுகின்றன. அதனால் பலத்தில் வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடாது. அதை வெளியே கொண்டுவர உங்கள் சோதனைக்குத் தெரியவில்லை.

இதற்கு எஞ்சின் உலகம் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கத்துக்குக் கணிசமான அனுகூலம் உள்ள நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவது. ஜெயிப்பதற்கும் டிராவுக்கும் நடுவில், கத்தி முனையில் நிற்கிற நிலை. ஸ்டெஃபான் போல் தொகுத்த யூஹெச்ஓ என்ற ஓப்பனிங் தொகுப்புகள் இந்த வகை, ஃபிஷ்டெஸ்டிலும் இவைதான் ஓடுகின்றன. அனுகூலமான பக்கத்தில் உட்கார்ந்தால் ஜெயிக்க வேண்டும், மறுபக்கத்தில் உட்கார்ந்தால் டிரா பிடிக்க வேண்டும். பலமான எஞ்சின் இரண்டையும் செய்யும்.

இந்த மாதிரி ஓப்பனிங்கில் ஒற்றை ஆட்டத்தை எண்ணக் கூடாது, ஜோடியாகத்தான் எண்ண வேண்டும். வெள்ளையில் ஜெயித்துக் கறுப்பில் தோற்றால் அது 1–1; எதையும் சொல்லவில்லை. ஜோடிக்கு 0, அரை, 1, ஒன்றரை, 2 என்று ஐந்து முடிவுகள்தான் வர முடியும். அந்த ஐந்தையும் வைத்துப் பிழை வரம்பைக் கணக்கிட்டால் உண்மையான அளவு கிடைக்கும். ஆட்டம் ஆட்டமாகக் கணக்கிட்டால் பிழை வரம்பு தேவைக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் ஒரு ஜோடியின் இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை.

அறிகுறி: பகலில் ஒரு முடிவு, இரவில் ஒரு முடிவு

மே மாதம் சென்னையில் மடிக்கணினியில் சோதனை ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மதியம் இரண்டு மணிக்கு விசிறி கத்தும், சிபியு சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் இரண்டு எஞ்சினுக்கும்தானே குறைகிறது என்று தோன்றலாம். எப்போதும் அப்படியில்லை. நான்கு ஆட்டம் ஓடும்போது எந்த ஆட்டம் எந்தக் கோரில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒன்றுக்கு நிறையவும் ஒன்றுக்குக் குறைவாகவும் கிடைக்கும். அண்மைக் கால இன்டெல் சிபியுக்களில் வேகமான கோர், சிக்கனமான கோர் என்று இரண்டு வகை கலந்திருப்பதால் இந்தத் தொந்தரவு இன்னும் கூடியிருக்கிறது.

அளந்து பார்க்க ஸ்டாக்ஃபிஷிலேயே வழி இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் அதைத் திறந்து பெஞ்ச் என்ற கட்டளையைக் கொடுத்தால், குறிப்பிட்ட நிலைகளை அலசி, விநாடிக்கு எத்தனை நோடு என்று கடைசியில் சொல்லும். கணினி குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, ஒரு மணி நேரம் போட்டி ஓடிய பின் ஒரு முறை. இரண்டு எண்ணும் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களைக் குறையுங்கள், டர்போ வேகத்தை அணைத்துவிடுங்கள்.

எத்தனை ஆட்டம் ஒன்றாக ஓட்டலாம்? எதிராளியின் முறையில் யோசிக்கும் பாண்டர் வசதி அணைந்திருந்தால், ஓர் ஆட்டத்தில் எந்த நேரத்திலும் ஒரு எஞ்சின்தான் வேலை செய்யும். ஆகவே ஒற்றை த்ரெட் எஞ்சின்களுக்கு, நிஜமான கோர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். கணினி காட்டும் த்ரெட் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பல சிபியுக்களில் கோரைப் போல இரண்டு மடங்கு காட்டும். பாண்டர் அணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே கணினியில் இரண்டும் பாண்டர் செய்தால் ஒன்றின் சாப்பாட்டை மற்றது பிடுங்கும்.

நினைவகத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு எஞ்சின், எஞ்சினுக்கு 256 எம்பி ஹாஷ், நான்கு ஆட்டம் என்றால் ஹாஷுக்கு மட்டும் 2 ஜிபி போகிறது.

அறிகுறி: பட்டியலில் பலமான எஞ்சின் என் கணினியில் அடி வாங்குகிறது

முதல் சந்தேகம், தப்பான கோப்பைப் பதிவிறக்கியிருக்கிறீர்கள் என்பது. ஒரே பதிப்பு பல வடிவங்களில் வரும்: பழைய சிபியுவுக்கு ஒன்று, ஏவிஎக்ஸ்2 உள்ளதற்கு ஒன்று, பிஎம்ஐ2 உள்ளதற்கு ஒன்று (இரண்டும் சிபியுவின் கூடுதல் கட்டளை வசதிகள்). நியூரல் நெட்வொர்க்கால் மதிப்பிடும் என்என்யூஇ முறை 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12உடன் வந்த பிறகு இந்தத் தேர்வு முன்னைவிட முக்கியமாகிவிட்டது. அந்தக் கணக்குகள் ஏவிஎக்ஸ்2 போன்ற வசதியை நம்பித்தான் வேகமாக ஓடுகின்றன. பொதுவான கோப்பை எடுத்தால் எல்லாச் சிபியுவிலும் ஓடும், ஆனால் நொண்டும். இதில் ஒரு விதிவிலக்கு: ஸென் 3க்கு முந்தைய ஏஎம்டி ரைஸன்களில் பிஎம்ஐ2 இருப்பதாகக் காட்டும், ஆனால் அதில் எஞ்சினுக்கு வேண்டிய ஒரு கட்டளை மிக மெதுவாக ஓடும். அவற்றுக்கு ஏவிஎக்ஸ்2 கோப்புதான் சரி.

கோப்பு சரிதான் என்றால் பட்டியலை எப்படிப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். சிசிஆர்எல், சிஇஜிடி, 1984இல் தொடங்கிய சுவீடன் நாட்டின் எஸ்எஸ்டிஎஃப் ஆகிய எஞ்சின் தரவரிசைப் பட்டியல்கள் ஒவ்வொன்றும் தன் சொந்த அளவுகோலில் எண் போடுகிறது. ஒரு பட்டியலில் 3500, இன்னொன்றில் 3600 என்றால் பின்னது பலமானது என்று அர்த்தம் இல்லை. ஒரே பட்டியலுக்குள் இருக்கும் வித்தியாசத்துக்குத்தான் பொருள் உண்டு. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பலமான பக்கம் 91 சதவீதம் எடுக்கும், 100 என்றால் 64, 35 என்றால் 55. இந்த எண்களை மனித ஆட்டக்காரர்களின் ஃபிடே மதிப்பெண்ணோடு வைத்து, கார்ல்சனைவிட இத்தனை புள்ளி மேல் என்று சொல்வதும் சரியாகாது. இந்தப் பட்டியல்களில் எஞ்சின்கள் எஞ்சின்களோடு மட்டுமே ஆடுகின்றன.

அப்புறம் இன்னொன்று. தன் பழைய பதிப்போடு மோதவிட்டு 60 புள்ளி முன்னேற்றம் என்று பார்த்திருப்பீர்கள்; பட்டியலில் 35தான் ஏறியிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. ஒரே குடும்பத்து எஞ்சின்கள் ஒரே மாதிரி யோசிப்பதால், சின்ன வித்தியாசம்கூட அவர்களுக்குள் பெரிதாகத் தெரியும். பல வகை எதிராளிகளோடு ஆடும்போது அது சுருங்கும். ஆகவே பெரிய மாற்றங்களைக் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு எஞ்சின்களோடு ஆடவிட்டு, ஆர்டோ அல்லது பேய்ஸ்ஈலோ என்ற ஈலோ கணக்கிடும் நிரல் மூலம் மொத்தமாகக் கணக்கிடுங்கள்.

அறிகுறி: அதிக ஆழம் பார்க்கிற எஞ்சின் தோற்கிறது

ஒன்று ஆழம் 30 என்கிறது, மற்றது 22 என்கிறது, 22தான் ஜெயிக்கிறது. இதில் கோளாறு ஏதும் இல்லை. ஆழம் என்ற எண்ணை ஒவ்வொரு எஞ்சினும் தன் இஷ்டத்துக்கு எண்ணுகிறது. எந்தக் கிளையை எவ்வளவு வெட்டுகிறது என்பது ஒவ்வொன்றிலும் வேறு. இரண்டையும் ஒரே ஆழத்தில் நிறுத்தி ஒப்பிடுவது, இரண்டு பேரை ஒரே எண்ணிக்கையில் அடி எடுத்து வைக்கச் சொல்லி யார் வேகம் என்று பார்ப்பது மாதிரி. அடியின் நீளம் வேறு. நோடு எண்ணிக்கையும் அப்படித்தான். கொடுக்க வேண்டியது நேரம், அது ஒன்றுதான் இருவருக்கும் பொது.

மதிப்பீட்டு எண்ணும் அப்படியே. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்றால் அந்தப் பக்கம் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று அளவை மாற்றி அமைத்தார்கள். வேறொரு எஞ்சினில் அதே எண்ணுக்கு ஒரு சிப்பாய் மதிப்பு என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம்.

இது ஒரு மறைவான தப்பிலும் கொண்டுபோய் விடும். நேரத்தை மிச்சம் பிடிக்க, மதிப்பீடு இத்தனையைத் தாண்டினால் தோல்வி என்று அறிவித்துவிடு என்று போட்டி மென்பொருளில் எழுதி வைப்போம். தன் நிலையை மிகவும் இருண்டதாகப் பார்க்கும் எஞ்சின், டிரா பிடிக்கக்கூடிய ஆட்டத்தையும் விட்டுக்கொடுத்துவிடும். இரண்டு எஞ்சினும் ஒத்துக்கொண்டால் மட்டும் முடி என்ற அமைப்பைப் போடுங்கள், எல்லையை உயரத்தில் வையுங்கள், சந்தேகம் இருந்தால் ஒரு 500 ஆட்டத்தை எந்த முன்முடிவும் இல்லாமல் கடைசி வரை ஆடவிட்டு ஒப்பிடுங்கள். கடைசிக் கட்டத்துக்கு ரொனால்ட் டி மேனின் சிசிஜி டேபிள்பேஸ் இருந்தால் அதை நடுவராக வைக்கலாம்; ஐந்து காய் வரைக்குமான தொகுப்பு 1 ஜிபிக்குள் அடங்கும்.

அறிகுறி: சிபியு எஞ்சினையும் ஜிபியு எஞ்சினையும் மோதவிட்டால் ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள்

ஸ்டாக்ஃபிஷ் சிபியுவில் ஓடும். லீலா செஸ் ஸீரோ நல்ல கிராஃபிக்ஸ் அட்டை (ஜிபியு) இருந்தால்தான் முழு பலத்தைக் காட்டும். எட்டு கோர் கணினியில் பழைய அட்டை வைத்திருப்பவர் ஒரு முடிவு சொல்வார், இரண்டு கோர் கணினியில் விலை உயர்ந்த அட்டை வைத்திருப்பவர் நேர் எதிராகச் சொல்வார். இரண்டும் உண்மை. இங்கே சமமான வன்பொருள் என்று ஒன்று கிடையாது. விலையால் சமமா, மின்சாரத்தால் சமமா என்று நீங்கள்தான் முடிவு செய்து, அதை முடிவோடு சேர்த்து எழுத வேண்டும்.

நிபந்தனை எவ்வளவு தூரம் எண்ணை மாற்றும் என்பதற்கு ஆல்ஃபாஸீரோ என்ற எஞ்சினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2017 டிசம்பரில் அதை உருவாக்கிய டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட முடிவு: ஸ்டாக்ஃபிஷ் 8க்கு எதிராக 100 ஆட்டம், 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. ஈலோ கணக்கில் 100 புள்ளி. அந்தப் போட்டியில் ஸ்டாக்ஃபிஷுக்கு 64 த்ரெட், ஆனால் ஹாஷ் 1 ஜிபி மட்டும். நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிவைத்திருந்ததால், சிக்கலான இடத்தில் கூடுதலாக யோசிக்கும் அதன் திறமைக்கு வேலையே இல்லை. எஞ்சின் எழுதுபவர்கள் உடனே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

ஒரு வருடம் கழித்து, 2018 டிசம்பரில், சயின்ஸ் இதழில் முழுக் கட்டுரை வந்தது. இந்த முறை 1000 ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம், நகர்வுக்கு 15 விநாடி கூடுதல், ஹாஷ் 32 ஜிபி, டேபிள்பேஸும் உண்டு. 155 வெற்றி, 6 தோல்வி, மிச்சம் 839 டிரா. ஈலோ கணக்கில் 52 புள்ளி.

இரண்டையும் பிழை வரம்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் போட்டி 68 முதல் 134 வரை. இரண்டாவது 44 முதல் 60 வரை. இரண்டும் எங்கேயும் தொடவில்லை. நூறு ஆட்டம்தானே, தற்செயலாக இருக்கும் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நிபந்தனைகள் மாறியதால் அளவே மாறியிருக்கிறது. ஆல்ஃபாஸீரோ ஜெயித்தது இரண்டிலும் உறுதிதான், எவ்வளவு என்பதில்தான் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

அறிகுறி: குறைந்த நேரத்தில் ஜெயிக்கிறது, அதிக நேரத்தில் ஜெயிக்கவில்லை

பெரும்பாலும் இது இயல்பு. நேரம் கூடக் கூட டிரா கூடும், வித்தியாசம் சுருங்கும். திசையே மாறினால்தான் கவனிக்க வேண்டும். கிளைகளை முரட்டுத்தனமாக வெட்டும் மாற்றம் பத்து விநாடி ஆட்டத்தில் லாபமாகவும், ஆழம் கூடியதும் நஷ்டமாகவும் முடியலாம். ஃபிஷ்டெஸ்டில் முதல் கட்டம் தேறிய மாற்றத்தை 60 விநாடியும் 0.6 விநாடியும் கொடுத்து மறுபடி ஓட்டுவது இதற்காகத்தான். வீட்டில் அவ்வளவு ஓட்ட முடியாவிட்டாலும், குறுகிய நேரத்தில் தேறியதை ஐந்து மடங்கு நேரத்தில் ஓர் ஆயிரம் ஆட்டமாவது ஆடவிடுங்கள்.

அறிகுறி: ஆட்டத்தின் நடுவில் எஞ்சின் காணாமல் போகிறது

இணைப்பு அறுந்தது என்று லாகில் (பதிவுக் கோப்பில்) வரும், ஆட்டம் தோல்வியாகக் கணக்கில் ஏறும். மறுதொடக்கம் செய்துகொள் என்ற வசதியைப் போட்டு வைத்திருந்தால் போட்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. காலையில் எழுந்ததும் மதிப்பெண்ணுக்கு முன்னால் லாகில் இந்த வரியைத் தேடுங்கள். கிடைத்தால் அந்த ஆட்டத்தின் கடைசி நிலையை எடுத்து, அதே ஹாஷ், அதே நேரம் கொடுத்து எஞ்சினைத் தனியாக ஓடவிடுங்கள். மறுபடி விழுந்தால் பிழை கையில் சிக்கிவிட்டது. விழவில்லையென்றால் அதற்கு முந்தைய நகர்வுகளையும் வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். ஹாஷில் முன்பே சேர்ந்திருந்த ஒரு தப்பான பதிவு பத்து நகர்வு கழித்து வெளியே வருவது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. பிழையைச் சரிசெய்த பிறகு பழைய ஆட்டங்களைப் புதியவற்றோடு சேர்க்காமல், முதல் ஆட்டத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.